லோன் ‘பாஸ்’ ஆயிடுச்சா? எந்த பாஸ்?



கொஞ்ச நாளைக்கு முன் நம் குழு ஒன்றின் ஊக்குநருக்கு சாயங்காலம் ஆறு மணி வாக்கில் ஒரு போன் வந்தது. “அக்கா, உங்க லோன் பாஸ் ஆயிடுச்சு.” அவ்வளவுதான் பேச்சு. விளக்கு வைக்கிற நேரத்தில் வந்த நல்ல சேதி! ராத்திரிக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. மறுநாளே ஐந்து பேர் கறவை மாட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கக் கிளம்பிவிட்டார்கள். கையில் பணம் இல்லை. “அதான் லோன் பாஸ் ஆயிடுச்சே, நாலு நாள்ல வந்துடும், கட்டிடலாம்” என்று ஆளுக்குப் பத்தாயிரம் ரூபாய் வெளியில் பத்து வட்டிக்கு வாங்கினார்கள்.

நாலு நாளில் வரவில்லை. இரண்டு மாதம் கழித்துத்தான் வந்தது. நூற்றுக்கு மாதம் பத்து ரூபாய் என்றால் ஆளுக்கு இரண்டாயிரம், ஐந்து பேருக்குப் பத்தாயிரம், வட்டியாக மட்டும் போனது. நாங்கள் போய் விசாரித்தோம். போன் செய்தவர் பொய் சொல்லவில்லை. விண்ணப்பத்தைப் பார்த்துப் பரிந்துரை எழுதி மேலே அனுப்பிவிட்டார்கள், அதை அவர் ‘பாஸ்’ என்றார். நம் அக்காவோ பணம் கணக்கில் ஏறியதை ‘பாஸ்’ என்று எடுத்துக்கொண்டார். இரண்டு பேரும் சரியாகத்தான் பேசினார்கள். நடுவில் இருந்த ஒரு சின்ன வார்த்தை பத்தாயிரம் ரூபாயைத் தின்றுவிட்டது.

அதற்குப் பிறகு கூட்டமைப்புக் கூட்டத்தில் பலர், “மேடம், இந்த பாஸ் பத்தி இதழ்ல எழுதுங்க” என்று கேட்டார்கள். அதனால்தான் இந்தக் கட்டுரை.

முதலில் வார்த்தையின் வேர். பழைய லத்தீன் மொழியில் ‘பாசுஸ்’ என்றால் ஓர் அடி, அதாவது கால் எடுத்து வைக்கும் ஓர் எட்டு. அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து ‘பாஸ்’ ஆனது. கடந்து போவது என்பதுதான் அடிப்படை அர்த்தம். ரயிலில் போகிறவரைப் ‘பாசஞ்சர்’ என்பதும் இந்தக் குடும்பம்தான். நம் தமிழில் ‘கட’ என்று சொல்கிறோமே, கிட்டத்தட்ட அதே. அதனால்தான் பாஸ்போர்ட்டைக் கடவுச்சீட்டு என்றும் பாஸ்வேர்டைக் கடவுச்சொல் என்றும் எழுதுகிறார்கள். (முதலாளியையும் ‘பாஸ்’ என்கிறோமே என்று கேட்பீர்கள். அது வேறு வார்த்தை, டச்சு மொழியிலிருந்து வந்தது. தமிழில் எழுதும்போது இரண்டும் ஒரே மாதிரி ஆகிவிட்டது, அவ்வளவுதான்.)

எனவே யாராவது ‘பாஸ்’ என்று சொன்னால் நாம் கேட்க வேண்டியது: எது கடந்தது? எந்த இடத்தைக் கடந்தது? இந்த இரண்டுக்கும் பதில் கிடைத்தால் குழப்பமே வராது. பங்குனித் திருவிழா சமயத்தில் மயிலாப்பூரில் ஒரு மண்டபத்தில் விற்பனைக் கண்காட்சிக்காக நம் உறுப்பினர்கள் 12 பேருடன் போயிருந்தோம். அந்த இரண்டு நாளில் இந்த வார்த்தை எங்களை எத்தனை விதமாகச் சுற்றி வந்தது என்று சொன்னால் உங்களுக்கே புரியும்.

செங்கல்பட்டில் மின்சார ரயில் ஏறி மாம்பலத்தில் இறங்கினோம். ரயிலில் மாதக்கணக்கில் போக எடுப்பதற்கு யாரும் பாஸ் என்று சொல்வதில்லை, ‘சீசன்’ என்கிறார்கள். பஸ்ஸில் மட்டும் அதே விஷயம் பாஸ்! மாம்பலத்திலிருந்து தி.நகர் பஸ் நிலையத்துக்கு 2023-ல் திறந்த ஆகாய நடைபாதை இருக்கிறது. மூட்டை முடிச்சுடன் ரங்கநாதன் தெரு நெரிசலில் சிக்காமல் மேலேயே நடந்து பஸ்ஸைப் பிடித்தோம்.

பஸ்ஸில் கண்டக்டர் ஒரு பள்ளிக்கூடப் பையனைப் பார்த்து, “பாஸ் எங்கப்பா?” என்று கேட்டார். எங்களில் மூத்த அம்மா பயந்துவிட்டார். “நம்மகிட்ட பாஸ் இல்லையேம்மா, இறக்கி விட்ருவாரா?” அவருக்கு விளக்கினோம். பையனிடம் இருப்பது அனுமதி அட்டை. இத்தனை நாளைக்கு, இந்த வழியில் போகலாம் என்று முன்கூட்டியே கொடுத்தது. பெண்களுக்குச் சாதாரணக் கட்டண பஸ்ஸில் 2021 மே மாதம் வந்த இலவசப் பயணம் பாஸ் இல்லை. ஒவ்வொரு தடவையும் கட்டணமில்லாத டிக்கெட்டைக் கேட்டு வாங்க வேண்டும். ‘இலவசம்தானே’ என்று டிக்கெட் வாங்காமல் உட்கார்ந்துவிட்டு, செக்கிங் வரும்போது திண்டாடியவர்களைப் பார்த்திருக்கிறோம்.

மண்டபத்தில் இறங்கியதும் ‘கேட் பாஸ்’ கொடுத்தார்கள். கழுத்தில் மாட்டிக்கொண்டு உள்ளே போனோம். ஸ்டால் போட்டோம், வியாபாரம் சுமாராக நடந்தது. ஊறுகாய் தீர்ந்துவிட்டது. கோரைப் பாய்தான் நிறைய மிஞ்சியது. கடைசி நாள் ராத்திரி மிச்சத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தால் வாட்ச்மேன் விடவில்லை. “அவுட் பாஸ் காட்டும்மா.” எங்கள் கழுத்தில் இருந்த பாஸ் ஆட்களுக்கு மட்டும்தானாம்! சரக்கு வெளியே போக வேறு பாஸ் வேண்டுமாம். ஆபீஸ் ரூமைப் பூட்டிவிட்டுப் போய்விட்டார்கள். ஒருவரைத் தேடிப் பிடித்துக் கையெழுத்து வாங்குவதற்குள் பத்தரை மணி ஆகிவிட்டது. எது கடக்கப்போகிறது, ஆளா சரக்கா என்று நாங்கள்தான் முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். இனி கண்காட்சிக்குப் போகிறவர்கள் உள்ளே நுழையும்போதே இரண்டையும் கேட்டு வாங்கிவிடுங்கள்.

மயிலாப்பூர் என்றதும் கோயிலும் குளமும்தான் நினைவுக்கு வரும். நமக்கு அங்கே வேறு சொந்தமும் உண்டு. 1978-ல் ஜெயா அருணாசலம் அவர்கள் சென்னையில் பூ விற்கிற, காய் விற்கிற, இட்லி சுட்டு விற்கிற பெண்களைச் சிறு சிறு குழுவாகச் சேர்த்து ‘வொர்க்கிங் விமன்ஸ் ஃபோரம்’ தொடங்கினார். அதன் அலுவலகம் மயிலாப்பூரில்தான். ஈடு வைக்க ஒன்றும் இல்லாத பெண்களுக்கு, குழுவே ஒருவருக்கொருவர் ஜாமீன் என்று சொல்லி பேங்கில் கடன் வாங்கித் தந்தார்கள். 1981-ல் தங்களுக்கென்று ஒரு கூட்டுறவுக் கடன் சங்கமே ஆரம்பித்துவிட்டார்கள். நபார்டு வங்கி சுய உதவிக் குழுக்களை பேங்குடன் இணைக்கும் திட்டத்தைத் தொடங்கியது 1992-ல்தான் என்பதை நினைத்துப் பாருங்கள்!

அந்தப் பெண்கள் கையில் வந்த புத்தகம் பாஸ்புக். அதற்கு ஏன் அந்தப் பெயர்? பேங்குக்கும் நமக்கும் நடுவில் போய்ப் போய் வரும் புத்தகம் என்பதால்தான் என்கிறார்கள். நாம் கொண்டு போய்க் கொடுக்கிறோம், அவர்கள் எழுதித் திருப்பித் தருகிறார்கள், வீட்டில் பார்க்கிறோம், மறுபடி கொண்டு போகிறோம். அப்படியானால் ஊக்குநர் வீட்டு டிரங்குப் பெட்டியில் ஒரு வருஷமாகத் தூங்குகிற புத்தகம் பாஸ்புக்தானா? சில குழுக்களில் அப்படித்தான் இருக்கிறது. கோபித்துக்கொள்ள வேண்டாம், பார்த்ததைத்தான் எழுதுகிறோம்.

புத்தகத்தில் எழுதியிருந்தால் மட்டும் போதுமா என்றும் யோசிக்க வேண்டும். 1906-ல் சென்னையில் ஆர்பத்நாட் என்ற பெரிய வெள்ளைக்காரக் கம்பெனி திவாலாகி, பணம் போட்டிருந்த ஏராளமான குடும்பங்கள் நஷ்டப்பட்டன. அந்த அடிக்குப் பிறகுதான் மயிலாப்பூர் வக்கீல் வி.கிருஷ்ணசாமி ஐயர் முதலானோர் முயற்சியில் 1907-ல் இந்தியன் பேங்க் தொடங்கியது. இன்றும் ‘மாதம் இவ்வளவு கட்டினால் இரட்டிப்பு’ என்று அழகான புத்தகம் அச்சடித்துக் கொடுக்கிறவர்கள் ஊருக்குள் வருகிறார்கள். அட்டையில் பாஸ்புக் என்று போட்டிருக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள்.

ஸ்டாலில் நடந்த இன்னொன்று. நம் உறுப்பினர் ஒருவரிடம் ஒரு ஆள் மூன்று பாய் எடுத்துக்கொண்டு, “போன்ல பணம் அனுப்புறேன்க்கா, உங்க போன்ல பாஸ்வேர்டு மாதிரி ஒரு நம்பர் கேக்கும், போடுங்க, அப்பத்தான் பணம் உங்களுக்கு பாஸ் ஆகும்” என்றார். நல்லவேளை, பக்கத்து ஸ்டால் பெண் குறுக்கே வந்து தடுத்துவிட்டார். பாஸ்வேர்டு என்பது கோட்டை வாசலில் காவல்காரனிடம் ரகசியமாகச் சொல்லிவிட்டு உள்ளே போகும் சொல் மாதிரி. அதை யார் சொன்னாலும் கதவு திறந்துவிடும். போனில் பணம் வாங்குவதற்கு ‘பின்’ நம்பர் தேவையே இல்லை. பின் நம்பர் போட்டால் பணம் நம்மிடமிருந்து வெளியே போகும். ஓ.டி.பி. எண்ணும் அப்படித்தான், பேங்கிலிருந்து பேசுகிறேன் என்று சொன்னாலும் சொல்லக் கூடாது. ஏமாந்துவிட்டால் அழுதுகொண்டு உட்காராமல் உடனே 1930 என்ற எண்ணுக்கு போன் செய்யுங்கள். சீக்கிரம் சொன்னால் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு உண்டு.

மறுநாள் மத்தியானம் தி.நகரில் எங்களுக்கு ஒரு வேலை இருந்தது. நம் உறுப்பினர் ஒருவரின் மகள் துணிக்கடை ஒன்றில் பில் போடும் வேலைக்கு விண்ணப்பம் கொடுக்க வந்திருந்தாள். எழுதி முடித்து எங்களிடம் காட்டினாள். அதில் ‘இயர் ஆஃப் பாஸிங்’ என்ற இடத்தில் அவள் எழுதியிருந்த வருஷத்தைப் பார்த்து, “அப்ப நீ மூணாவதுதானே படிச்சிட்டிருந்த?” என்று கேட்டோம். பாப்பா தலை குனிந்துகொண்டது. அது அவள் அப்பா இறந்த வருஷம்.

அவள் மேல் தப்பில்லை. இறந்துவிட்டார் என்பதை ஆங்கிலத்தில் மரியாதையாக ‘பாஸ்டு அவே’ என்பார்கள். அப்பா போனதிலிருந்து உதவித்தொகை, சான்றிதழ் என்று எத்தனையோ பாரம் எழுதியவள் அவள். அந்த வார்த்தை அவள் மனதில் அப்படியே தங்கிவிட்டது. பாரத்தில் கேட்டது படிப்பை முடித்துத் தேறிய வருஷம். நம் தமிழிலும் செத்துப் போனார் என்று நேராகச் சொல்ல நமக்கு வாய் வராது. காலமானார், போய்ச் சேர்ந்தார், தவறிட்டார் என்கிறோம். வேடிக்கை என்னவென்றால் பரீட்சையில் தவறினால் ஃபெயில். ஆங்கிலத்தில் செத்தவர் ‘பாஸ்’, தமிழில் ‘தவறிட்டார்’! அந்தப் பாரத்தைக் கிழித்துவிட்டு வேறு வாங்கி எழுதினோம். பக்கத்துக் கடையில் காபி வாங்கிக் கொடுத்தோம். அப்புறம்தான் சிரித்தாள்.

‘பாஸ்டு அவுட்’ என்றும் ஒன்று உண்டு. நம் ஊரில் படித்து முடித்து வெளியே வந்தவர் என்று அர்த்தம் வைத்திருக்கிறோம். மற்ற நாடுகளில் அப்படிச் சொன்னால் மயக்கம் போட்டு விழுந்தார் என்றும் நினைப்பார்கள். பிள்ளைகள் வெளிநாட்டு வேலைக்கு எழுதும்போது இதைக் கவனித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

பரீட்சை பாஸ் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நூற்றுக்கு 35 என்ற கோட்டைத் தாண்டினால் பாஸ், அது எல்லா வீட்டிலும் தெரியும். 2020-ல் கொரோனாவால் பத்தாம் வகுப்புப் பரீட்சையே நடக்காமல் எல்லோரும் பாஸ் ஆனார்கள். அந்தப் பிள்ளைகளை ‘ஆல் பாஸ் பேட்ச்’ என்று கிண்டல் செய்கிறவர்களைப் பார்த்தால் எங்களுக்குக் கோபம் வருகிறது. பரீட்சை வைக்காதது பிள்ளைகளின் குற்றமா?

சாயங்காலம் அடையாறு ஆற்றுப் பாலத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போனோம். அடையாறு என்றால் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் தொடங்கிய புற்றுநோய் ஆஸ்பத்திரி நம் ஜனங்களுக்கு நினைவு வரும். நாங்கள் போனது அந்தப் பகுதியில் வேறு ஒரு ஆஸ்பத்திரிக்கு. கர்ப்பப்பை ஆபரேஷன் முடிந்து நம் உறுப்பினர் ஒருவர் அங்கே படுத்திருந்தார். துணைக்கு அவர் மாமியார். அட்டெண்டர் பாஸ் ஒன்றுதான் என்பதால் ஒவ்வொருவராகப் போய்ப் பார்த்தோம்.

நாங்கள் உள்ளே இருக்கும்போது நர்ஸ் வந்து, “கேஸ் பாஸ் ஆச்சாம்மா?” என்று கேட்டார். மாமியார் பதறிப்போய், “கேஸ் பாஸ்புக் ஊர்ல இருக்கும்மா, கொண்டாரலையே!” என்றார். வார்டே சிரித்தது. நர்ஸ் கேட்டது காற்று பிரிந்ததா என்று. ஆனால் அந்தக் கேள்வி சிரித்துவிட்டு விடக்கூடியது இல்லை. வயிற்றில் ஆபரேஷன் ஆனதும் குடல் கொஞ்ச நேரம் அசையாமல் இருக்கும். காற்று பிரிந்தால் குடல் மறுபடி வேலை செய்யத் தொடங்கிவிட்டது என்று தெரிந்துகொள்வார்கள். ‘யூரின் பாஸ் பண்ணீங்களா’, ‘மோஷன் பாஸ் ஆச்சா’ என்று கேட்பதும் இதே மாதிரிதான். சிறுநீர் போனதா, வெளிக்குப் போனதா என்று அர்த்தம். இதில் போய் என்ன வெட்கம்? நம்மில் பலர் கேள்வி புரியாமலே, ஆம்பளை டாக்டர் கேட்கிறாரே என்ற கூச்சத்தில், தலையை ஆட்டிவிடுகிறோம். பல மணி நேரமாகச் சிறுநீர் போகாமல் அடிவயிறு கனத்துக் கிடந்தும் ‘ஆச்சு’ என்று சொன்ன ஒருவரை எங்களுக்குத் தெரியும். புரியவில்லை என்றால், “தமிழ்ல சொல்லுங்கம்மா” என்று கேளுங்கள். கேட்பதற்கு நமக்கு உரிமை இருக்கிறது.

அடுத்த கட்டிலில் இருந்த அம்மாவின் வீட்டுக்காரருக்கு ‘பைபாஸ்’ ஆபரேஷனாம். பெருங்களத்தூரிலிருந்து ஊருக்குள் நுழையாமல் மதுரவாயல் பக்கம் போகிறதே, அந்தச் சாலையும் பைபாஸ்தான். இரண்டிலும் நடப்பது ஒன்றுதான். ஊருக்குள் நெரிசல் என்றால் சுற்றிப் போகச் சாலை போடுகிறார்கள். இதயத்துக்கு ரத்தம் போகும் குழாயில் அடைப்பு என்றால் காலிலிருந்தோ நெஞ்சிலிருந்தோ வேறு ரத்தக்குழாயை எடுத்து, அடைப்பைச் சுற்றி ரத்தம் போக வழி செய்கிறார்கள்.

இனி நம் பேங்க் விஷயத்துக்கு வருவோம்.

லோன் ஒரே அடியில் பாஸ் ஆவதில்லை. முதலில் நம் குழுவில் தீர்மானம் பாஸ் ஆக வேண்டும். அதற்கு உறுப்பினர்கள் கூட்டத்தில் உட்கார்ந்து, யாருக்கு எவ்வளவு, எதற்கு என்று பேசி ஒத்துக்கொள்ள வேண்டும். தீர்மான நோட்டை வீட்டுக்கு வீடு அனுப்பிக் கையெழுத்து வாங்கினால் அங்கே பாஸ் ஆனது தீர்மானம் இல்லை, நோட்டு! இப்படி வெற்றுப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பிறகு தன் பேரில் லோன் இருப்பதே தெரியாமல் கட்டச் சொல்லி நோட்டீஸ் வந்து நின்றவர்கள் உண்டு. அப்படி ஒரு பிரச்சினையைத் தீர்ப்பதற்கே எங்களுக்கு ஒரு வருஷம் ஆனது. அந்தக் குழு இன்றும் பழைய மாதிரி ஒட்டவில்லை.

தீர்மானத்துக்குப் பிறகு விண்ணப்பம் பேங்குக்குப் போகிறது. குழுவின் கணக்குகளைப் பார்ப்பார்கள், வருகை, சேமிப்பு, உள்கடன் திரும்பியதா என்று பார்ப்பார்கள், பிறகு பரிந்துரை. இது ஒரு மேஜையைக் கடந்தது. அதிகாரம் உள்ளவர் கையெழுத்துப் போட்டு இவ்வளவு தொகை என்று அனுமதிப்பது இன்னொரு மேஜை, அதைத்தான் ‘சாங்ஷன்’ என்பார்கள். அதற்குப் பிறகும் பத்திரங்களில் கையெழுத்து வாங்கி, பணத்தைக் குழுவின் கணக்கில் ஏற்றும் வரை நம் கையில் ஒன்றும் இல்லை. அந்த ஐந்து பேர் விஷயத்தில் முதல் மேஜையை மட்டும்தான் கடந்திருந்தது. பேங்க் வட்டியும் பணம் பட்டுவாடா ஆன நாளிலிருந்துதான் கணக்கு. எனவே இனி யாராவது ‘பாஸ் ஆயிடுச்சு’ என்று போன் செய்தால் கேளுங்கள்: “சார், சாங்ஷன் ஆயிடுச்சா? எவ்வளவு? கணக்குல ஏறிடுச்சா?” மூன்றாவதற்கு ‘ஆமாம்’ என்ற பதில் வந்து, அது பாஸ்புக்கிலும் ஏறிய பிறகு மாட்டைப் பாருங்கள்.

செக் பாஸ் ஆவதும் அப்படித்தான். செக்கைப் பெட்டியில் போட்டதும் பணம் வந்துவிட்டதாக நினைக்கக் கூடாது. எழுதிக் கொடுத்தவர் கணக்கில் பணம் இருந்து, அந்த பேங்க் ஒத்துக்கொண்டால்தான் பாஸ், இல்லையென்றால் திரும்பி வரும். செக்கில் போட்ட தேதியிலிருந்து மூன்று மாதம்தான் அது செல்லும். முன்பு ஆறு மாதம் இருந்ததை 2012 ஏப்ரலில் குறைத்துவிட்டார்கள். ஆர்டருக்குக் கடைக்காரர் கொடுத்த செக்கை சாமி படத்துக்குப் பின்னால் சொருகி வைத்து மறந்துவிடாதீர்கள்.

போன வாரம் அதே ஊக்குநர் எங்களுக்கு போன் செய்தார். வேறொரு லோன் விஷயம். “மேடம், பாஸ் ஆயிடுச்சுன்னு சொன்னாங்க. எந்த பாஸ்னு கேட்டேன். சாங்ஷன் ஆயிருக்காம், கணக்குல இன்னும் ஏறலையாம். அதனால யார்கிட்டயும் சொல்லல” என்றார்.

அடுத்த மாதக் கூட்டமைப்புக் கூட்டத்துக்கு ஒவ்வொரு குழுவும் சேமிப்புக் கணக்கு பாஸ்புக், கடன் கணக்கு பாஸ்புக் இரண்டையும் என்ட்ரி போட்டுக் கொண்டு வரவும். தீர்மான நோட்டையும் மறக்க வேண்டாம். கண்ணாடி போடுகிறவர்கள் கண்ணாடியையும் எடுத்து வாருங்கள், ஒவ்வொரு வரியையும் நீங்களே படிக்க வேண்டும்.